ஒரு குரலுக்கு மூன்று கொட்டேஷன்

நான் பணியில் இருந்த காலமெல்லாம் துறைமுகத்துக்குச் சாமான் வாங்கினேன். கயிறு, கிரீஸ், மழைக்கோட்டு, பினாயில், ஒருமுறை கிடங்கில் எலி பிடிக்க ஒரு பெரிய இயந்திரம். எதையும் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக வாங்கியதில்லை. முதலில் மூன்று கொட்டேஷன், பிறகு தொழில்நுட்ப ஆய்வு, பிறகு ஒப்பீட்டு அட்டவணை, அதன் கீழே பொறுப்புள்ளவர்களின் கையெழுத்து. எலி இயந்திரம் எல்லா ஆய்விலும் தேறியது. எலியை மட்டும் பிடிக்கவில்லை. அதற்கும் ஒரு விதி இருந்தது. அதன்படி தனிக் கோப்பு திறந்தோம். ஓய்வு பெற்ற பின் வீட்டுக்குத் துவரம்பருப்பு வாங்குவதிலும் இதே முறையைக் கையாண்டேன். என் மனைவி என்னைக் கடைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

ஆகவே நண்பன் கைப்பேசியில் கூப்பிட்டு, "ஆபீசரே, ஒரு பர்ச்சேஸ் கீது, வூட்டாண்ட வா" என்றபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். அவன் குரல் கரகரத்தது. சில மாதங்களாகவே அப்படித்தான் இருந்தது. கேட்டால் சளி என்பான்.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். நான் வாங்கிய கயிறு சரியில்லை என்று என் மேசைக்கு வந்து கத்தியதுதான் எங்கள் நட்பின் தொடக்கம். கிரேன் கூண்டு உயரத்தில் இருக்கும். கீழே நிற்பவன் கையால் காட்டுவான். மேலே இருப்பவன் தூக்குவான், இறக்குவான். வேலை நேரம் முழுவதும் பேச்சுக்கு வழியில்லை. அந்த மிச்சத்தையெல்லாம் அவன் தரைக்கு வந்ததும் செலவழித்தான். ராயபுரத்தில் அவன் தெருமுனையில் ஒரு கேரம் கிளப் இருக்கிறது. தகரக் கூரை, தொங்கும் விளக்கு, பவுடர் வாசனை. ஆட்டத்தில் அவன் நடுத்தரம். வாயில் அவனை வென்றவர் கிடையாது. எதிராளி குறிபார்க்கும் நேரத்தில் மெதுவாக ஏதாவது சொல்வான். காயினுக்குப் பதிலாக ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போய் விழும். திருவொற்றியூரிலிருந்து பேருந்து ஏறி வந்து நான் வேடிக்கை பார்த்தது ஆட்டத்தை அல்ல.

அன்று போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தொண்டையில் கட்டி, குரல்வளையை எடுத்துவிட வேண்டும், நாளும் குறித்தாயிற்று என்றான். அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"வண்டி ஓடுமாம். ஆரன் மட்டும் கயட்டிடுவாங்களாம்."

அவன் மனைவி சமையலறையில் இருந்தாள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற குடும்பத்தில் பிறந்தவள். அவளுக்கும் குரலில் குறையில்லை. அவர்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அவன் கூடத்திலிருந்து கத்துவான், அவள் அடுப்படியிலிருந்து திருப்பிக் கத்துவாள், நடுவில் உட்கார்ந்திருப்பவன் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அன்று உள்ளே பாத்திரச் சத்தம்கூட இல்லை.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி அவனுக்கு விவரமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அறுவை சிகிச்சை முடிந்தபின் கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. வாய் அசையும், சத்தம் வராது. பின்னால் கழுத்தில் வைத்துப் பேசும் கருவி உண்டு, உள்ளே பொருத்தும் வால்வு உண்டு, பயிற்சியும் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் புண் ஆற வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்காது. அதனால் முதல் நாளிலிருந்தே கைப்பேசியில் பேச ஒரு செயலி வேண்டும். அதை இப்போதே தேர்ந்தெடுத்துக் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். முக்கியமாக, குரல் இருக்கும்போதே அந்தக் குரலில் சிலவற்றைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"நீதான் ரூலு தெரிஞ்ச ஆளு" என்றான் நண்பன். "எத்த வாங்கறதுன்னு நீ சொல்லு."

மறுநாளே வெள்ளைத்தாளில் கோடு போட்டுக்கொண்டு போனேன். தமிழ் பேச வேண்டும். இணையம் இல்லாதபோதும் வேலை செய்ய வேண்டும். அவன் கண்ணுக்கு எழுத்து தெரிய வேண்டும். சத்தம் போதுமானதாக இருக்க வேண்டும். சொந்தக் குரலைச் சேர்க்க இடம் வேண்டும். தேடிப் பார்த்து, தேறக்கூடியவை என்று மூன்றை இறக்கி வைத்தேன்.

முதலாவது, படங்களைத் தொட்டால் பேசுவது. எழுத்து பிடிபடாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது பெரிய துணை என்று பேச்சுப் பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். படங்களை நம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் முடியும். ஆனால் நாங்கள் திறந்தபோது அது இன்னும் பிறந்த நாட்டிலேயே இருந்தது. உணவு என்ற பக்கத்தில் ரொட்டிக்குள் ரொட்டி. உடை என்ற பக்கத்தில் பனிக்காலக் காலணி. கேரட்டை மூக்காக வைத்த பனிப் பொம்மை ஒன்று வந்தது. நண்பன் அதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, "எங்க பெரியப்பா மாதிரி கீறாரு" என்றான். கையசைக்கும் ஒரு மனிதனின் படத்தைத் தொட்டான். கைப்பேசி, "நான் போகிறேன்" என்றது.

எந்த வீட்டில் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்? அதுவும் அறுவைக்கு நாள் குறித்த வீட்டில். அதுவரை வெளியே வராத அவன் மனைவி வாசல்படிக்கு வந்து நின்று, அந்தப் போனை மூடச் சொன்னாள். மூடினேன். அட்டவணையில் முதலாவதுக்கு நேரே தொழில்நுட்பக் காரணங்களால் நிராகரிக்கப்பட்டது என்று எழுதினேன்.

இரண்டாவது, தட்டச்சு செய்தால் படித்துச் சொல்வது. நண்பன் எல்லாரையும் போல ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுபவன். அப்படியே தட்டினான். வெள்ளைக்காரர் ஒருவர் வழி கேட்பதுபோல் ஏதோ ஒலித்தது. தமிழ் விசைப்பலகையை வைத்துக் கொடுத்தேன். தடவித் தடவி, "இன்னா நைனா, உதாரு வுட்டுகினு கீற" என்று அடித்து முடித்தான். அழகான பெண்குரல், செய்தி வாசிப்பவரின் நிதானத்தோடு, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய மரியாதை கொடுத்து அதைச் சொன்னது. அவன் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கலெக்டரம்மா திட்டுகிற மாதிரி இருக்கிறது என்றான்.

அதற்கு இணையமும் தேவைப்பட்டது. அவன் வீட்டின் உள்ளறைக்குள் போனால் சிக்னல் வாசலிலேயே நின்றுவிடும். நான் அமைப்புகளுக்குள் கதவு கதவாகத் திறந்து போய், தமிழ்க் குரலையே கைப்பேசிக்குள் இறக்கி வைக்க ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தேன். அது தீர்ந்தது. தீராதது வேறொன்று. அவன் அந்த ஒரு வரியை அடிப்பதற்குள் கேரம் பலகையில் எதிராளி காயினைப் போட்டு, அடுத்த காயினையும் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவான்.

மூன்றாவதில் வெறும் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நாமே ஒரு வாக்கியத்தைப் பேசிப் பதியலாம், மேலே பெயர் எழுதலாம். தொட்டால் பதிந்த குரல் அப்படியே வரும். புதிதாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் தட்டச்சுப் பக்கம், அதே செய்தி வாசிக்கும் அம்மாளோடு. மதிப்பெண் இதற்குத்தான் அதிகம். சத்தத்தைச் சோதிக்க எண்ணூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகள் திரும்பும் சாலையோர டீக்கடைக்கு இருவரும் போனோம். வெறும் கைப்பேசி தோற்றது. சட்டைப்பையில் வைக்கும் சிறு ஸ்பீக்கர் ஒன்றை இணைத்துக்கொண்டு மறுபடி போனோம். ஒரு லாரி ஹார்ன் அடித்துத் திரும்பிக்கொண்டிருக்கும்போதே அவன் கைப்பேசியைத் தொட, டீ மாஸ்டர், "இன்னா, சர்க்கர கம்மியா?" என்று திரும்பிப் பார்த்தார். தேறியது.

அறுவைக்கு முந்தைய நாட்களில் பதிவைத் தொடங்கினோம். காலையில் வெந்நீர் குடித்த கொஞ்ச நேரம்தான் அவன் தொண்டை ஒத்துழைக்கும். நான் வாக்கியங்களைத் தலைப்புவாரியாக எழுதிக் கொண்டு போயிருந்தேன். தண்ணீர் வேண்டும். வலிக்கிறது. சளியை எடுக்க வேண்டும். தலையணையை உயர்த்துங்கள். ஆட்டோக்காரரிடம் ஒன்று, கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரிடம் ஒன்று. அவன் அவற்றைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பதுபோல் வாசித்தான். உச்சரிப்பு தெளிவாக இருந்ததால் நான் ஏற்றுக்கொண்டேன்.

அவன் மனைவிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒருவர் இறந்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் தெருமுனையில் படத்தோடு பேனர் ஏறிவிடும், ஒலிபெருக்கியில் கானா தொடங்கிவிடும். அவளுக்கு எங்கள் வேலை அந்த வகையாகத்தான் பட்டது.

"ஆளு உசுரோட குந்திகினு கீது. அதுக்குள்ள பேனர் அடிக்கிறீங்களாண்ணே?"

நான் பதிவின் பயனை எடுத்துச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. தினமும் நான் படியேறும்போது அவள் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு கத்திவாக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது வசதியாக இருந்தது. மிக்ஸி இல்லை, தொலைக்காட்சி இல்லை, பதிவுக்கு நல்ல அமைதி.

கிளப்புக்கான கட்டங்களில்தான் சிக்கல் வந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் வரவில்லை. கைப்பேசியைப் பார்த்து எப்படிப் பேசுவது என்றான். ஆள் வேண்டும் என்றான். கடைசியில் நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு தாம்பாளத்தைப் பலகையாக வைத்துக்கொண்டு, பாட்டில் மூடியை ஸ்ட்ரைக்கராக்கிக் குறிபார்க்க வேண்டியதாயிற்று. நான் விரலை மடக்கியதும் அவன் திட்டினான். அப்போது வந்தது அவன் குரல், கரகரப்பையும் தள்ளிக்கொண்டு. ரெட் காயின் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்றான். பவுடரைப் பலகையில் போட்டாயா, மூஞ்சியில் போட்டாயா என்றான். அரசுப் பணியில் முப்பதாண்டுக்கு மேல் இருந்தவனை யாரும் அவ்வளவு நேர்த்தியாக அவமானப்படுத்தியதில்லை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் பதிந்தோம். இரண்டாம் முறை தேவைப்படவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துளை, மூக்கில் உணவுக் குழாய், கண்ணில் கோபம். வார்டில் நான் எழுதிக் கொடுத்த கட்டங்களில் சளியை எடுக்கச் சொல்வது மட்டும் நன்றாக உழைத்தது. வலிக்கிறது என்பதை அவன் தொடவே இல்லை. கட்டிலை உயர்த்தவும் இறக்கவும் கிரேன் சைகையையே நர்ஸுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டான். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. முஷ்டியை மடக்கினால் நிறுத்து. அந்தப் பெண்ணும் சரக்கு ஏற்றுகிறவள்போல் சரியாகச் செய்தாள்.

ஒருநாள் பெரிய டாக்டர் சுற்று வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரம். கட்டிலில் இருந்தவனை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் எல்லாவற்றையும் கேட்டார். தூங்கினாரா, குழாய்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா. நான் கோப்பு சமர்ப்பிக்கும் தொனியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து, கேரம் கிளப்புக்காகப் பதிந்த அவன் பழைய குரல் வந்தது.

"இன்னா நைனா, போர்டு இங்க கீது, எங்க பாத்துகினு கீற?"

அந்தக் குரலை நான் மறுபடி கேட்பேன் என்று தெரிந்தே இருந்தது, ஆனாலும் பதிலைப் பாதியில் விட்டுத் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

குழாயை எடுத்து, வாயால் சாப்பிடலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மூக்கு வழியாகக் காற்று போகாததால் இனி வாசனை சரியாகத் தெரியாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கழுத்துத் துளையை மறைக்க அவன் மனைவி மெல்லிய துணியில் மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். உடம்பு கொஞ்சம் தேறியதும் ஒரு மாலை நான் அவனைக் கிளப்புக்கு அழைத்துப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் ஆட்டம் நின்றது. ஒருவர் எழுந்து நாற்காலி கொடுத்தார். அந்தக் கிளப்பில் அப்படி ஒரு மரியாதையை அதற்கு முன் நான் கண்டதில்லை. அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பலகைக்கு எதிரே விசைப்படகு ஓட்டும் ஒரு பழைய கூட்டாளி உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாக ரெட்டைக் குறிபார்த்தார். நண்பன் சட்டைப்பை ஸ்பீக்கரைத் திருகிவிட்டு ஒரு கட்டத்தைத் தொட்டான். ரெட்டு உன்னைப் பார்த்துச் சிரிக்குது நைனா என்று அவன் குரல் தகரக் கூரை வரை போயிற்று. ஸ்ட்ரைக்கர் நேராகக் குழிக்குள் விழுந்தது.

படகுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆரன கயட்டியும் சத்தம் அடங்கல பாரு" என்றார். அவ்வளவுதான், கிளப் பழையபடி ஆகிவிட்டது. பேமானி என்றார்கள், கஸ்மாலம் என்றார்கள், நாற்காலியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவன் கட்டங்களைத் தொட்டுக்கொண்டே இருந்தான். நான் மனதுக்குள் கொள்முதல் திருப்தி எனக் கோப்பை முடித்து நாடா கட்டிவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். அவன் கட்டிலில் உட்கார்ந்தான். தாகம் போலிருக்கிறது, காலி டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினான். அவன் மனைவி உள்ளேயிருந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அவனைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள்.

கிளப்பில் அந்த ஆளு பேசியதாமே, அதற்குள் தெருவே சொல்கிறதே என்றாள். நான் நடந்ததைப் பெருமையோடு விவரித்தேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"இங்க வந்தா டம்ளர தட்டுதுண்ணே. கட்டிப்போட்ட மாட்டாண்ட ஓடற மாதிரி நான் ஓடியாறேன். அம்மாம் பேசி வெச்சிகீதே அதுல, எனுக்கு ஒண்ணுகூட இல்லியா?"

நான் கைப்பேசியை வாங்கிக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். டாக்டருக்கு இருந்தது. நர்ஸுக்கு, ஆட்டோக்காரருக்கு, கேஸ் சிலிண்டருக்கு, கிளப்பில் எந்த ஆட்டக்காரன் வந்தாலும் அவனுக்கு. அவளுக்கு இல்லை. அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே கிடையாது. 'இன்னாமே' என்பான். அந்தப் பக்கத்து ஆண்கள் மனைவியைக் கூப்பிடுவது அப்படித்தான். கூப்பிடுவதும் அதுதான், விசாரிப்பதும் அதுதான், சண்டைக்குத் தொடக்கமும் அதுதான். கல்யாணமான நாளிலிருந்து கூடத்தில் அவன் 'இன்னாமே' என்றால் அடுப்படியில் அவள் 'இன்னாய்யா' என்பாள். அந்த ஒரு சொல்லை நாங்கள் பதியவில்லை. என் அட்டவணையில் பயன்படுத்துபவர் என்று ஒரு வரி இருந்தது. கேட்பவர் என்று வரியே இல்லை.

நண்பன் கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கித் தட்டச்சுப் பக்கத்தைத் திறந்தான். நெடுநேரம் அடித்தான். நாங்கள் இருவரும் அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செய்தி வாசிக்கும் அம்மாள் நிதானமாகச் சொன்னாள்:

"நீ வூட்ல இல்லியே. யார கூப்புடறது?"

அது சரிதான். நான் தாம்பாளத்தின் முன் உட்கார்ந்து குறிபார்க்க வேண்டியிருந்த அதே காரணம். ஆள் எதிரே இல்லாமல் அவனுக்குப் பேச்சு வராது; அவளோ கத்திவாக்கத்தில் இருந்தாள். அவள் முந்தானையால் டம்ளரின் விளிம்பைத் துடைத்தாள். இருந்திருந்தால் அழுதிருப்பேன், அதனால்தான் போனேன் என்றாள், டம்ளரிடம் சொல்வதுபோல.

இதை இப்படியே விடுவது என் பழக்கமல்ல. பதிந்த குரலைக் கொடுத்தால் அதே குரலில் புதிய வாக்கியம் செய்து தரும் மென்பொருள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் அனுமதியோடு பதிவுகளை வீட்டுக்குக் கொண்டு போய், கண் வலிக்க வலிக்க அதோடு போராடினேன். 'இன்னாமே' வந்தது. மறுநாள் கொண்டு போய்ப் போட்டுக் காட்டினேன். குரல் அவனுடையதுதான்; ஆனால் தபால் உறையின் மேல் எழுதிய விலாசத்தைப் படிப்பதுபோல் இருந்தது. அவள் இரண்டு முறை கேட்டாள். இது அந்த ஆளு இல்லை, வேறு யாரோ அதன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது, அழித்துவிடுங்கள் என்றாள். அழித்தேன்.

பிறகு அவள், அந்தக் கட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாமா என்று கேட்டாள்.

பொதுவாக, பயன்படுத்துபவரின் வயதுக்கும் பாலினத்துக்கும் பொருந்திய குரலாக இருப்பது நலம் என்று நான் ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அவள் கைப்பேசியை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள். எப்படிப் பதிவது என்று ஒரு தடவைதான் காட்டினேன். அவள் தாடையைக் கழுத்தோடு ஒட்டினாள், ஒரு காலை முன்னே நீட்டினாள், தொண்டையைத் தடிமனாக்கிக்கொண்டாள்.

"இன்னாமே!"

அவனேதான். அந்தக் கடைசி எழுத்தை மேலே தூக்கிவிட்டு நடுவில் கைவிடுவது, அதற்கு முன்னால் மூக்கில் விடும் சிறு மூச்சு, எல்லாம் இருந்தது. இத்தனை வருடம் அவன் கூடத்திலிருந்து கத்தியதையெல்லாம் அவள் அடுப்படியில் நின்று அவனைப்போலவே சொல்லிப் பழகியிருக்கிறாள். அவனுக்கே அது தெரியாது. கட்டிலில் அவன் தோள்கள் குலுங்கின. சத்தமே இல்லை, கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது, துளையிலிருந்து விசில் போல ஒரு காற்று. அழுகிறானோ என்று பயந்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றிக் காட்டினான். தூக்கு. இன்னும் தூக்கு.

அவள் தூக்கினாள். தண்ணி குடு என்று பதிந்தாள். டீவிய கொற என்று பதிந்தாள். எங்க கிளம்பிகினு கீற, யாரு போன்ல, என் கண்ணாடி எங்க, எல்லாம் அவன் குரலில், அவன் சிடுசிடுப்போடு. நான் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே பெயர் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியாக அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, குரலைக் கொஞ்சம் இளக்கிக்கொண்டு, "கொயம்பு சூப்பரா கீதுமே" என்றாள்.

அதை அவன் ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லையே என்றேன்.

"நானுந்தான் கேட்டதில்லண்ணே. இனிமே சொல்லட்டும்."

பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் அடுத்த முறை போனபோது நானே இதை முறைப்படி தெரிவித்தேன். விதிமீறலாக ஏதும் இருந்தால் திருத்திக்கொள்கிறோம் என்றேன். அவள் அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டாள். இரண்டாவது தடவையும் கேட்டாள். எதையும் மாற்ற வேண்டாம் என்று சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைச் சாப்பிட வரச் சொல்லியிருந்தார்கள். நெத்திலிக் குழம்பு. எனக்கும் அவனுக்கும் கூடத்தில் தட்டு வைத்துப் பரிமாறிவிட்டு அவள் உள்ளே போனாள். உள்ளே போனவள் பாத்திரத்தை உருட்டவில்லை, குழாயைத் திறக்கவில்லை. காத்திருக்கிறாள் என்று புரிந்தது. அவன் ஒரு வாய் சாப்பிட்டான். இன்னொரு வாய். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வாசனை இல்லாமல் சாப்பிடுபவன் முகம் அப்படித்தான் இருக்கும்போல. பிறகு இடது கையால் கைப்பேசியைப் பக்கத்தில் இழுத்து முதல் கட்டத்தைத் தொட்டான்.

அவளுடைய குரல் அவளைக் கூப்பிட்டது.

"இன்னாய்யா?" என்று உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது.

அவன் விரல் கட்டங்களின் மேல் இறங்கி, குழம்பைப் புகழும் கடைசிக் கட்டத்துக்கு நேரே வந்து நின்றது. நான் பிசைவதை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்த்தேன். அவன் அதைத் தொடவில்லை. தட்டச்சுப் பக்கத்துக்குப் போனான். இடது கை, பழக்கமில்லாத விரல். ஓர் எழுத்து தவறி, அழித்து, மறுபடி அடித்தான். சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. செய்தி வாசிக்கும் அம்மாள் நாட்டு மக்களுக்கு அறிவித்தாள்:

"உப்பு கம்மி."

உள்ளே ஒரு மூடி விழுந்தது. அவள் உப்பு டப்பாவோடு வந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள். மூக்குதான் செத்துப்போச்சி, நாக்குக்கு ஒரு கேடும் வரவில்லை என்று ஊருக்கே கேட்கிற குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். போன பிறகு பாத்திரங்கள் உருண்டன, குழாய் திறந்தது, தொலைக்காட்சி தொடர் ஒன்றும் தொடங்கியது.

அவன் உப்பைத் தூவிப் பிசைந்துகொண்டான். எனக்கும் கொஞ்சம் தேவைப்பட்டது. நான் கேட்கவில்லை.